தொட்டியின் ஐந்தாம் வரிசை

குளியலறைத் தொட்டியில் தண்ணீர் ஐந்தாவது டைல் வரிசையில் நின்றது. சுதர்னி குழாயைத் திருகிப் பார்த்தாள். இறுக மூடித்தான் இருந்தது. மதியம் அவள் நிரப்பியது, எப்போதும் போல, நான்காவது வரிசை வரைக்கும்தான். லூரிக் உள்ளே இறங்கிச் சுருண்டு படுத்தால் மட்டுமே ஐந்தாவதுக்கு ஏறும். லூரிக்கை வாழையடியில் புதைத்து எட்டு நாள் ஆகிறது.

லூரிக் அவள் கணவன் பிரசோஜோ ஆறு வருடமாக வளர்த்த மலைப்பாம்பு. ஜாவாவின் சிடோவார்ஜோ ஊரில் அந்தச் சந்துக்கே செல்லப்பிள்ளை. கட்டினவளுக்கு ஒரு வாய் தேநீர் போட்டுத் தராத மனுஷன், பாம்பின் தண்ணீரென்றால் மட்டும் அப்படி மெனக்கெடுவான். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஒரு பகலும் ஒரு இரவும் திறந்து வைப்பான். குளோரின் வாடை போய்விட்டதா என்று குனிந்து மோந்து பார்த்த பிறகே தொட்டியில் ஊற்றுவான்.

"குளிக்கிற தண்ணியத்தான் அது குடிக்கவும் செய்யும், சுதர்னி. நீ குடிக்க யோசிக்கிற தண்ணிய அதுக்கு வெக்காத."

ஒருநாள் மகள் நிமாஸ் பாம்போடு சேர்ந்து தொட்டிக்குள் குதித்துவிட்டாள். தண்ணீர் ஐந்திலிருந்து ஐந்தரைக்கு ஏறியது. சுதர்னி அலறிய அலறலுக்குப் பிரசோஜோ விழுந்து விழுந்து சிரித்தான். குளியல் முடிந்து லூரிக் வெளியே ஊர்ந்தால் தரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரத்தடம் விழும். அவனைத் திட்டிக்கொண்டே அவள் துடைப்பாள்.

அவன் நிலக்கரிக் கப்பலில் வேலைக்குப் போனதும் இதெல்லாம் அவள் தலையில் விழுந்தது. போன வாரம் சந்தில் டெங்கு. எதிர்வீட்டுப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நிமாஸுக்கு ஐந்து வயதுதான். கொசுப்புழு மருந்துப் பொடியை இரண்டு மடங்காகத் தொட்டியில் கொட்டினாள். சட்டை உரிக்க முடியாமல் திணறிய லூரிக்கை அன்று மாலையே அதில் இறக்கிவிட்டாள். பொடி போட்டது அவள் நினைவுக்கே வரவில்லை. விடிந்து பார்த்தால், வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக் கிடந்தது. போனில் கணவன் கேட்டபோது, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

"அம்மா," என்று பின்னாலிருந்து நிமாஸ் கூப்பிட்டாள். "லூரிக்குக்குத் தாகமாம். தண்ணி கசக்குதாம்."

"யாருடி சொன்னா?"

"அதுதான். வாயத் தொறந்து காட்டுச்சு."

சுதர்னி தொட்டிக்குள் பார்த்தாள். அடித்தளம் வரை தெளிந்த தண்ணீர். அடைப்பானின் சங்கிலி, என்றைக்கோ விழுந்த சோப்புத் துண்டு. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வாடை இருந்தது, சட்டை உரிக்கும் நாளில் லூரிக்கின் பெட்டியிலிருந்து வருமே, அந்த நனைந்த சாக்கு வாடை.

மறுநாளும் அஸர் தொழுகை நேரம் தாண்டியதும் ஐந்தாவது வரிசை. அதற்கு மறுநாளும். பிள்ளையை முற்றத்தில் வாளி வைத்துக் குளிப்பாட்டினாள். யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். தொட்டியைக் காலி செய்து, கை தோல் உரியும் வரை ஏழு தடவை தேய்த்துக் கழுவினாள். பீப்பாயில் பிடித்த தண்ணீரை ஒரு பகல், ஒரு இரவு திறந்து வைத்து, மோந்து பார்த்து, பிறகு ஊற்றினாள். பெட்டிக்குள் இருந்த கிண்ணத்திலும் அதையே வைத்தாள். "தெரியாம செஞ்சிட்டேன், லூரிக். நல்ல தண்ணி. குடிச்சிட்டுப் போயிடு."

அன்று மாலை தண்ணீர் நான்காவது வரிசையிலேயே நின்றது. அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். கிண்ணம் மட்டும் தினமும் காலையில் காலியாகக் கிடந்தது. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. தொழுகைப் பாயில் நெற்றியை வைத்து நிம்மதியாக அழுதாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து வாகியெம் அக்கா டார்ச்சோடு வந்தாள். வாரம் ஒருமுறை சந்தில் வீடு வீடாகப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறவள்.

"கதவு தொறந்து கெடந்துச்சு, நானே போய்ப் பாத்துட்டேன். ஒரு புழு இல்ல! இருந்தாலும் தொட்டியில பொடி போட்டுட்டேன்டி."

"எவ்வளவுக்கா?"

"ரெண்டு மடங்கு. புள்ள இருக்கிற வீடாச்சே! ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நிமாஸ் எங்க?"

"ஒடம்பெல்லாம் மண்ணு. நாந்தான் குளிடின்னு உள்ள அனுப்பினேன்."

துணிக்கூடை கீழே விழுந்தது. மக்ரிப் பாங்கு தொடங்கியது. கூடம். அடுக்களை. நனைந்த சாக்கு வாடை.

குளியலறை வாசலில் நிமாஸின் செருப்பு. துண்டு. தொட்டியோரம் முக்காலி.

உள்ளே யாரும் இல்லை.

"நிமாஸ்!"

குளிக்கும் குவளை தண்ணீரில் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது. சங்கிலி. சோப்புத் துண்டு. அவள் வரிசைகளை எண்ணினாள். விரல் வைத்து எண்ணினாள்.

ஐந்தரை.

இரண்டு கையையும் தோள்வரை விட்டுத் துழாவினாள். வெறும் தண்ணீர். சில்லென்று. அவள் கைகளுக்கு நடுவே ஒரு குமிழி வந்தது. சின்னது. இன்னொன்று. பிறகு நிறைய.

"அது புள்ள! அன்னிக்குப் பொடி போட்டது நான்! என்னை எடுத்துக்க! என்னை!"

குமிழிகள் நின்றன.

தண்ணீர் இறங்கியது. அடைப்பான் அசையவில்லை. ஐந்து. நான்கு. அங்கே நின்றுகொண்டது.

அவள் திரும்பினாள். அவள் நின்ற இடத்தை ஒட்டி, வாசல்படி மேல், அடுக்களை வழியாக வாழைமரத்தை நோக்கி, தரையில் ஈரம் நீண்டுகொண்டே போனது.

ஒரு சாண் அகலம் இருக்க வேண்டிய தடம், இரண்டு சாண் இருந்தது.