மாயவனின் சிப்

மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் ஹெட்போனில் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜாங்கம் வயரை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். குரலை எண்களாக மாற்றும் அந்தச் சிப்புக்குள் எந்தச் சத்தமும் போய்விடாதபடி, உள்ளே போகும் முனையை அவனேதான் கிரவுண்ட் வயரோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தான். கல்வராயன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தப் பிற்பகலில், கச்சிராயபாளையம் சாலையில் போகும் ஷேர் ஆட்டோக்களின் ஹாரனும், அடுப்படியில் மனைவி ஆண்டாள் தாளிக்கும் கடுகின் வாசனையும், சுட்ட ஈயத்தின் நெடியும் அறைக்குள் கலந்து கிடந்தன. ஹெட்போனில் மட்டும் மெல்லிய இரைச்சல். அதற்கு அடியில் அந்த மூச்சு.

அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம்.

சிப் மாயவனுடையது. நைனார்பாளையத்துக்காரன், ஒரே கல்லூரி, ஒரே பெங்களூர்க் கம்பெனி. இருவரும் ஆளுக்கொரு டிசைன் கொடுத்தார்கள். குசுகுசுப்பைக்கூடத் துல்லியமாகப் பிடிக்கிறதென்று மாயவனுடையதை எடுத்துக்கொண்டு, ராஜாங்கத்தின் மூன்று வருட உழைப்பை ஓரங்கட்டினார்கள். சோதித்துத் தரும் வேலையை மட்டும் இவனிடம் தள்ளினார்கள். மாயவன் அண்ணன் கெட்டிக்காரர்தான் என்று ஆண்டாளே சொன்னாள். அது இன்னும் தொண்டையில் நின்றது.

மாயவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனுக்கும் கேட்டுச்சிடா. ஒரு தபா அது பேசிச்சி. நீ கேட்டுக்கினு இருக்காத, கயட்டி வச்சிடு."

"கம்பெனில ஏன் சொல்லல?"

"கயட்டுடா, ராஜாங்கம்."

மறைக்கிறான். பேர் போய்விடுமே என்று மறைக்கிறான். அதைப் பதிவுசெய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவதென்று ராஜாங்கம் போனை வைத்தான். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒலியைக் கூட்டினான். மூச்சு காதருகே வந்தது. இன்னும் கூட்டினான். அவன் இழுக்கும்போது அதுவும் இழுத்தது. விடும்போது விட்டது.

அவன் மூச்சை அடக்கினான்.

அது அடக்கவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மூச்சு இப்போது மேசைமேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கரண்ட் வயரை உருவினான். ஸ்பீக்கரின் விளக்கு அணைந்தது. மூச்சு நிற்கவில்லை.

ஆண்டாளைக் கூப்பிட வாய் திறந்தான். நாக்கு அசைந்தது. சத்தமில்லை.

"ஆண்டாளு, கொஞ்சம் இங்க வாயேன்."

ஸ்பீக்கர் கூப்பிட்டது. அவன் குரல். அவன் ஒருநாளும் கூப்பிட்டிராத கனிவோடு.

"வந்துட்டேங்க."

கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு எதிரே நின்றவனைப் பார்க்காமலே கடந்து போனாள். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது ஏதோ குசுகுசுத்தது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவன் கண்டிராத ஒரு சிரிப்போடு, அவள் அதன்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டாள்.