சுவர் ஓரத்து எண்கள்

எட்டு கம்ப்யூட்டர்களில் முதலாவது மட்டும் பின்தங்கியது. மற்ற ஏழும் தங்கள் பங்கை முடித்துவிட்டு அதற்காகக் காத்து நின்றன.

புது ஏசி போடுமுன், அந்தக் கட்டடத்தில் சூடு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் கணக்கு அது. அறைக்கு ஒரு கம்ப்யூட்டர். சுவர்களிலுள்ள வெப்ப சென்சார்களை வைத்துத் தன் அறையைக் கணக்கிட்டு, சுவர் ஓரத்து எண்களை மட்டும் பக்கத்து அறைக்குக் கொடுக்கும். எட்டும் சேர்ந்தால், கட்டடத்தைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் ஒரு படம். இஞ்சினியர் கடைசி அறையில் உட்கார்ந்திருந்தாள். விடுமுறை நாள். வெறும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை என்று வந்திருந்தாள்.

தம்பி போன் செய்தான். "லீவுலயும் ஆபீஸா? இங்க வந்து பிள்ளைங்களோட இருக்கலாம்லக்கா."

"வேலை முடியட்டும்டா."

"எப்பப் பார்த்தாலும் இதையே சொல்லு." வைத்துவிட்டான்.

படம் வந்தது. எட்டாவது அறையில் சிவப்பாய் ஒரு புள்ளி. அவளுடைய உடம்புச் சூடு. முதல் அறையில் கருநீலமாய் ஒரு திட்டு, ஆள் உயரத்துக்கு. ஐஸைவிடக் குளிர்ச்சி.

சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த படத்தில் முதல் அறை சரியாகிவிட்டது, இரண்டாவது பின்தங்கியது. திட்டு சுவரைத் தாண்டியிருந்தது.

தாழ்வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விசிறிகளின் ரீங்காரத்தில் ஒன்று மட்டும் அடங்கியது, யாரோ அதன்மேல் கை வைத்ததுபோல. பிறகு அது ஓட, அதற்கடுத்தது அடங்கியது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் ஈர வாடை மெல்ல வந்தது.

வாசல் காவலாளியைப் போனில் அழைத்தாள். "உள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையேம்மா. நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க?"

ஓடிவிடலாம். ஆனால் வெளியே போக எல்லா அறைகளையும் தாண்ட வேண்டும். கதவைத் தாழிட்டாள். தாழிட்ட பிறகுதான் உறைத்தது, அது கதவு வழியாக வரவில்லை.

ஐந்தாவது அறை.

ஆறாவது.

பக்கத்து அறை விசிறி நின்றது. சுவரைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள்.

நாற்காலிக்கு வந்து விழுந்தாள். மூச்சு புகையாய் வந்தது. முதுகில் குளிர். தோளில் குளிர். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

புகை நின்றது.

திரையில் அடுத்த படம் விழுந்தது. எட்டாவது அறையில் சிவப்பு இல்லை. இரண்டு நீலத் திட்டுகள். ஒன்று நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்று உட்கார்ந்திருந்தது.