அம்மாவுக்கு எத்தனை புள்ளி?

பதினான்காம் தளத்தில் காலைக் கூட்டம் நின்றுகொண்டுதான் நடக்கும். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்துவிட்டுப் போனார். அதனால் முட்டி தேய்ந்தவனும் நிற்பான், முதல்நாள் பிரசவ அறையிலிருந்து வந்தவளும் நிற்பாள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடை. ஆளுக்கு இந்த மூன்று விஷயங்கள்தான். அதற்கு மேல் வாய் திறந்தால் நெறியாளி தொண்டையைச் செருமும்.

நெறியாளிக்குத் தொண்டையெல்லாம் கிடையாது. சுவருக்குள்ளிருந்து வரும் வெறும் குரல் அது. முன்பு இந்த வேலைக்கு ஸ்க்ரம் மாஸ்டர் என்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். ஆளுக்குச் சில நாள் இரக்கம் வந்துவிடுகிறது என்பதால் குரலை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள்.

அன்று செண்பகவல்லியின் முறை வந்தது. அவளுடையது நான்கு பேர் அணி. சென்னையின் குடிநீரைத் தெருத்தெருவாகப் பங்கிடும் மென்பொருளைக் கவனிப்பது அவர்கள் வேலை.

"நேத்து அண்ணா நகர் பங்கீட்டுல இருந்த பிழையைச் சரி பண்ணேன். இன்னைக்கு அதைச் சோதிக்கணும்." மூன்றாவதற்கு வந்தாள். "தடைன்னா, எங்க அம்மா. கோவில்பட்டி பராமரிப்பு இல்லத்துலேர்ந்து பேசினாங்க. இனிமே ரொம்ப நாள் தாங்காதாம். நான் போகணும்."

"வருந்துகிறேன், செண்பகம்" என்றது நெறியாளி. உண்மையிலேயே வருந்துகிற குரல் போலத்தான் இருந்தது. நல்ல குரலாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். "வாழ்வுப்பணியாகப் பதிந்துகொண்டேன். கூட்டம் முடிந்ததும் எடை போடலாம்."

எடை போடுவது என்றால் சீட்டுத் தூக்குவது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. ஒரு வேலை எவ்வளவு பாரம் என்று அவரவர் மனதுக்குள் முடிவு செய்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் தூக்க வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால், மிகக் குறைவாகத் தூக்கியவரும் மிக அதிகமாகத் தூக்கியவரும் காரணம் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி தூக்க வேண்டும். அம்மா காலத்தில் இதை மென்பொருளுக்கு மட்டும் செய்தார்கள். இப்போது பிரசவம், காய்ச்சல், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு.

இதை யாரும் மேலேயிருந்து திணிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மேலாளர் முன்னால் போய் விடுப்புக்குக் கைகட்டி நின்ற தலைமுறை ஒருநாள் பொறுத்தது போதும் என்று தெருவில் இறங்கியது. மேலாளர்களே வேண்டாம், எங்கள் நேரத்தை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம் என்று போராடி வென்றது. செண்பகத்தின் அம்மா பிரியதர்ஷினியும் கர்ப்பிணியாக அந்த ஊர்வலத்தில் நடந்தவள்தான். மேலாளர் என்ற சொல் இப்போது வசவாகிவிட்டது. ஆனால் மேலாளர் இருந்தபோது வீட்டுக்கு வந்து அவரையாவது திட்டித் தீர்க்க முடிந்தது. இப்போது யாரைத் திட்டுவது? பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் திட்ட வேண்டும். அவர்களும் நம்மைப்போல அயர்ந்துபோய் நிற்கிறார்கள்.

"தூக்கலாம்" என்றது நெறியாளி.

செண்பகம் பதின்மூன்றைத் தூக்கினாள். அணியில் இளையவளான நிலவரசி ஐந்து, ரியாஸ் மூன்று, மூத்தவர் எபனேசர் இரண்டு.

எபனேசர் சீட்டைப் பார்த்தபடியே பேசினார். "போக வர ஒரு நாள். மத்த காரியத்துக்கு ஒரு நாள். அதுக்கு மேல என்ன வேலை இருக்கப்போகுது?"

"அண்ணே, உங்கப்பா தவறினதுக்கு அப்புறம் நீங்க போனீங்க. எங்கம்மா இன்னும் இருக்காங்க. நான் கூட இருக்கணும், அவ்வளவுதான்."

"எது வரைக்கும்?" என்று கேட்டுவிட்டு ரியாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காத அக்கா. முடிவு நிபந்தனை என்னன்னு எழுதணும்ல, அதுக்காகக் கேட்டேன்."

முடிவு நிபந்தனை இல்லாமல் எந்த வேலையையும் எடை போட முடியாது. எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்று முதலில் எழுதியாக வேண்டும். நெறியாளியே அதை எழுதிச் சுவரில் காட்டியது: தாயார் மறைவும் இறுதிச் சடங்கும். செண்பகம் அதை ஒருமுறைதான் படித்தாள்.

"ஒரு நினைவூட்டல்" என்றது நெறியாளி. "எடை என்பது ஒப்பிட்டுச் சொல்வது. நம் அணியில் பெற்றோர் மறைவுக்கு ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. எபனேசரின் தந்தை. இரண்டு புள்ளி. மூன்று சுற்றிலும் ஒத்துப்போகாவிட்டால் அளவுகோலே நிற்கும். அளவுகோலைத் திருத்தும் உரிமை அதற்கு உரியவருக்கு மட்டும்."

அந்த இரண்டைப் போட்டது அணி அல்ல, எபனேசரேதான். பெரிய மென்பொருள் வெளியீடு ஒன்று தலைக்கு மேல் தொங்கிய வாரத்தில் அவர் அப்பா பாளையங்கோட்டையில் இறந்துபோனார். மற்றவர்கள் சீட்டைத் தொடக் கூசி நின்றபோது அவரே முந்திக்கொண்டு இரண்டைத் தூக்கினார். "எங்கப்பா இருந்தாலும் வேலையை முடிச்சிட்டு வாலேன்னுதான் சொல்லுவார்" என்றார். எல்லோருக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. செண்பகத்துக்கும்தான். அடக்கம் முடிந்து திரும்பி வந்து காலைக் கூட்டத்தில் நின்றவர், "நேத்து அப்பாவை அடக்கம் பண்ணேன், இன்னைக்கு நிரலைத் திறக்கணும், தடை எதுவுமில்லை" என்றார். அணி கைதட்டியது.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே தேநீர் இடைவேளை உண்டு. செண்பகம் எபனேசரை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். கீழே பழைய மகாபலிபுரம் சாலை இருந்த இடத்தில் கடல்நீர் பழுப்பாகத் தேங்கிக் கிடந்தது. ஓட்டம் என்று பெயரிட்ட ஒவ்வொரு வேலைத் தவணையிலும் அணி எவ்வளவு முடிக்கிறது என்பதுதான் அதன் வேகம். அது குறைந்தால் அணியில் எல்லோருடைய வீடும் கீழ்த் தளத்துக்கு இறங்கும். அதுதான் இந்தக் கட்டடத்தின் விதி. ஏழாம் தளத்துக்குக் கீழே சுவரெல்லாம் பூஞ்சை.

"அண்ணே, உங்க அளவுகோலைத் திருத்துங்க. ரெண்டு இல்ல, அதுக்கு மேலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எபனேசர் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "என் பிள்ளைக்கு இழுப்பு இருக்கு, உனக்கே தெரியும். கீழ போனா அவளுக்கு ஆகாது."

"தெரியும்ணே. ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தானே? அடுத்த ஓட்டத்துல நான் ராத்திரி பகலா உக்காந்து வேகத்தை ஏத்திக் குடுத்துடறேன்."

"பிள்ளை மட்டும் இல்ல, செண்பகம்." அவர் குரல் இறங்கியது. "அடக்கம் முடிஞ்ச சாயங்காலம் நான் பையை எடுத்தேன். எங்கம்மா நடுவீட்டுல தனியா உக்காந்திருக்காங்க. ‘அதுக்குள்ள போறியாய்யா?’ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலை. அது பதிமூணுன்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, அன்னைக்கு நான் என்னத்துக்கு வந்தேன்? சொல்லு. ரெண்டுதான் அதோட எடைன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் சோறு திங்கேன்."

அவளுக்கு அவரை அறைய வேண்டும்போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போனாள்.

இரண்டாம் சுற்றில் நிலவரசி மூன்றுக்கு இறங்கினாள். மூன்றாம் சுற்றில் அவளும் ரியாஸும் இரண்டைத் தூக்கினார்கள்; செண்பகம் மட்டும் பதின்மூன்றிலேயே நின்றாள். நிலவரசியின் கண் கலங்கியிருந்தது. சீட்டு மட்டும் இரண்டுதான்.

"அளவுகோல் நிற்கிறது" என்றது நெறியாளி. "பயணம் நலமாக அமையட்டும்."

அம்மா கோவில்பட்டி இல்லத்தில் முகத்தை மூடிய மூச்சுக் கவசத்தோடு படுத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் கவசத்தைக் கொஞ்சம் விலக்கி முதலில் கேட்டது இதைத்தான்.

"எத்தனை புள்ளி போட்டாங்க?"

"அதெல்லாம் நெறைய இருக்கும்மா. நீ பேசாத."

"எத்தனைடி?"

"எட்டு."

"எட்டா? பரவால்லையே, நல்ல மனுஷங்கதான்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். அன்று பூராவும் இருவரும் உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. செண்பகம் தலை வாரிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள். எபனேசரின் பிள்ளைக்கு இழுப்பு என்றும், ஏழாம் தளத்துக்குக் கீழே பூஞ்சை என்றும், அடுத்த வீட்டுச் சண்டை என்னவென்றும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே உறங்கிப்போனாள். இதற்குத்தானே வந்தோம் என்று செண்பகத்துக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் மணிக்கட்டிலிருந்து அந்த நல்ல குரல் பேசியது. "காலை வணக்கம், செண்பகம். வாழ்வுப்பணியில் இன்று கடைசி நாள். முடிவு நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை. நாளைக் காலைக் கூட்டத்தில் சந்திப்போம்."

அவள் பதறிப்போய்க் கையால் பொத்தினாள். அம்மா கண்ணை மூடியே இருந்தாள். ஆனால் காது கேட்டுவிட்டது.

"ரெண்டுதானா?"

"அம்மா, நான் போகலை. என்ன வேணா ஆகட்டும். வீடு கீழ எறங்குனா எறங்கட்டும்."

"எபனேசருக்குப் பிள்ளை இருக்குன்னு நேத்து நீதானே சொன்ன? அதுவும் சேர்ந்துல்ல எறங்கும்?" அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தக் காலத்துல பாதி வேலையை அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளுறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நானே தள்ளுனா நல்லாவா இருக்கும்?"

"இது வேலை இல்லம்மா!"

"தெரியும்டி. இந்த முறை வேணும்னு கொடி பிடிச்சு நடந்தவ நான். எனக்குத் தெரியாதா?" சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. பிறகு செவிலியைக் கையசைத்துக் கூப்பிட்டு மூச்சுக் கவசத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

செவிலி செண்பகத்தைப் பார்த்தாள். எடுத்துவிடச் சொல்வது நோயாளியின் உரிமை. அந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் சீட்டுத் தூக்க வேண்டியதில்லை. செண்பகம் அழுதாள், கெஞ்சினாள், அம்மாவின் கையைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அம்மா சம்மதத்துக்குக் கட்டைவிரலைப் பதித்துக் கொடுத்தாள். அந்தக் கணத்தில் செண்பகத்தின் மனதின் ஏதோ ஒரு மூலையில், நாளைக் காலை கூட்டத்தில் நிற்கலாம் என்ற நிம்மதி தலைகாட்டிவிட்டுப் போனது. கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது. ஆனால் வந்தது வந்ததுதான். அதற்காக அவள் தன்னை என்றைக்கும் மன்னிக்கப்போவதில்லை.

உச்சிவேளைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மாலையில் மின்மயானம், இரவில் ரயில்.

காலைக் கூட்டத்தில் அவள் பெயருக்கு எதிரே வேலை முடிந்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. வார இறுதியில் பின்னோக்குக் கூட்டம். முடிந்த ஓட்டத்தில் எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று திரும்பிப் பார்ப்பதற்கான கூட்டம் அது. நெறியாளி உற்சாகமாக ஆரம்பித்தது. "நன்றாக நடந்தவற்றில் முதலாவது, செண்பகத்தின் வாழ்வுப்பணி. இரண்டு என்று மதிப்பிட்டோம், இரண்டிலேயே முடிந்தது. இதைவிடத் துல்லியமான மதிப்பீடு இந்த ஆண்டில் இல்லை. இனி அணியின் அளவுகோல் இதுவே."

யாரும் கைதட்டவில்லை. தாய் எப்படி இறந்தாள் என்று இல்லத்திலிருந்து வந்த குறிப்பு எல்லோர் திரையிலும் இருந்தது. எபனேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் செண்பகத்தின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

மழைக்காலத்தில் நிலவரசியின் கணவன் படகு விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சையில் கிடந்தான். பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. நிலவரசி தடையைச் சொல்லும் மூன்றாவது வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றாள்.

சீட்டுக் கட்டு செண்பகத்தின் கைக்கு வந்தது. எதைத் தூக்குவது என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. பதின்மூன்றுதான், வேறென்ன? தனக்காக முதல் சுற்றில் ஐந்தைத் தூக்கிய பெண் இவள். செண்பகம் பதின்மூன்றைக் கட்டிலிருந்து பாதி உருவியும்விட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவளுக்குப் பதின்மூன்று கிடைக்கும் என்றால் அன்றும் கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் அம்மா அந்தக் கவசத்தைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இன்னும் பத்து நாளோ, ஒரு வாரமோ, ஒரே ஒரு மத்தியானமோ இருந்திருப்பாள். அம்மா தேவையே இல்லாமல் அவசரப்பட்டுவிட்டாள் என்றாகிவிடும். அதைத் தாங்கிக்கொண்டு அவளால் ஒருநாள்கூட இருக்க முடியாது.

"தூக்கலாம்" என்றது நெறியாளி.

நிலவரசி பதின்மூன்று. ரியாஸ் ஐந்து. எபனேசர் தூக்கியதும் பதின்மூன்றுதான். அதைத் தலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார்.

"மிகக் குறைவாகத் தூக்கியவர் முதலில் பேசலாம்" என்றது நெறியாளி.

நிலவரசி திரும்பி, செண்பகத்தின் கையிலிருந்த இரண்டைப் பார்த்தாள்.

"நேரத்தோட முடிச்சிட்டு வந்துடு, நிலா" என்றாள் செண்பகம். "எங்கம்மா முடிச்சாங்கல்ல?"