பொக்கையைக் காணோம்

அணைக்கட்டுக்கு மேலே ஆறு வீடுகள். ஐந்தில் பூட்டுத் தொங்கியது. ஆறாவதில் வாயாடியும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு வேலை மாற்றல் கிடைக்க இன்னும் மூன்று மாதம் ஆகுமாம்.

வாயாடி என்று பட்டப்பெயர் வைத்தது பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இங்கே, பாவம், அவள் வாயாட ஓர் ஆள் கிடையாது! விடுமுறை வேறு. எவ்வளவு நேரம்தான் சுவரோடு பேசுவது?

அதனால் படியோடு பேசினாள். அணையின் உள்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் படிகளில் ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருந்தது. அதற்குப் 'பொக்கை' என்று பெயர் வைத்தாள். சாயங்காலமானால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அதன்மேல் உட்கார்ந்து, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள்.

அப்பாவுக்கு நீர்மட்டம் பார்க்கும் வேலை. காலை எட்டு மணிக்கு மெஷின் திரையில் தெரியும் எண்ணை, ஆற்றில் இன்னும் கீழே உள்ள கீழணைக்குப் போனில் சொல்ல வேண்டும். அங்கிருக்கும் மாமா அதைத் திருப்பிச் சொல்லி, "சரி" என்று போனை வைத்துவிடுவார். ஒருநாள் வாயாடி போனைப் பிடுங்கி, "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "சரி" என்றார்! அன்றிலிருந்து அவர் 'சரி மாமா'.

அந்த வாரம் கீழணையில் ஆட்கள் ஆற்றுக்குள் இறங்கி மதகைப் பழுது பார்த்தார்கள். மேலணையான இங்கே நீர்மட்டம் நாற்பத்திரண்டு மீட்டரைத் தாண்டினால் தண்ணீர் தானாக வழிந்து அங்கே பாயும். அதற்குள் அவர்கள் கரையேறியாக வேண்டும். ஆனால் மலையில் மழை பெய்தும், திரையில் மூன்று நாளாக ஒரே எண்தான்: நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. அப்பா நிம்மதியாக இருந்தார்.

நாலாம் நாள் காலை வாயாடி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அப்பா, பொக்கையைக் காணோம்!"

போனைக் கையில் எடுத்திருந்த அப்பா, "யாரும்மா அது? பூனையா?" என்றார்.

"நான் உட்கார்ற படி, அப்பா! தண்ணிக்குள்ள போயிடுச்சு. நேத்தே கால்விரல் நனைஞ்சது. அலைன்னு நினைச்சேன்."

"வேற படியைப் பார்த்திருப்பே. மெஷின்ல ஒரு புள்ளிகூட ஏறலையே."

"நீங்க தினமும் மெஷினைப் பார்க்கறீங்க. நான் தினமும் பொக்கையைப் பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?" அவளுக்கு அழுகை முட்டியது. "எனக்கு இங்கே வேற யாருப்பா இருக்கா?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. செருப்புக்கூடப் போடாமல் படிக்கு ஓடினார். சுவரில் பெயிண்டால் எழுதிய பழைய அளவுகோல் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது காட்டியது! திரைக்கு எண் அனுப்பும் மிதவையை ஒரு மரக்கிளை அமுக்கிப் பிடித்திருந்தது.

அப்பா போனில் கத்தினார். "நாலு, ஒண்ணு, புள்ளி, ஒன்பது! எல்லாரையும் மேலே ஏத்துங்க!"

"என்னது? நேத்து புள்ளி ரெண்டுன்னீங்களே!" என்றார் சரி மாமா.

"மிதவை மாட்டிக்கிச்சு. என் பொண்ணோட பொக்கைப்படி முழுகினதாலதான் தெரிஞ்சுது."

மதியம் தண்ணீர் வழிந்தது. அதற்கு முன்பே அத்தனை பேரும் கரையேறியிருந்தார்கள். அப்பா மகளைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் அன்று சாயங்காலம் அவளுக்கு உட்கார இடமில்லை. சன்னலோரம் சும்மா நின்றாள்.

மறுநாள் எட்டு மணி ஆவதற்குள் போன் அடித்தது. "வாயாடிகிட்ட குடுங்க" என்றது குரல்.

அவள் அளவுகோலைப் பார்த்து வந்திருந்தாள். "நாலு, ரெண்டு, புள்ளி, ஒண்ணு, மாமா."

சரி மாமா திருப்பிச் சொன்னார். ஆனால் போனை வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொக்கை எப்ப வெளியே வருவா?"

"மழை நின்னா பத்து நாள் ஆகும் மாமா."

"சரி" என்றார் அவர். "அதுவரைக்கும் என்கிட்ட பேசு."