அத்தையின் கைப்பையும் ஆரஞ்சு வட்டங்களும்

அன்று மாலை தையல் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்குச் சொந்தக்காரரான தையல் மாஸ்டர். காஜா எடுத்து பட்டன் தைக்கும் அவருடைய அக்கா. ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் 'ஊசி' என்று கூப்பிடும் மாஸ்டரின் மகள். மறைப்புத் திரைக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர். கடைசியாக வந்த தபால்கார அம்மா. தெருவில் சொல்வதுபோல ஊரே கூடி நிற்கவில்லை. ஐந்தே பேர்.

மருந்துக்கடைக்காரர் திரைக்குப் பின்னால் நின்றதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பேன்ட்டில் ஜிப் போய்விட்டது. மாற்றுத்துணி எடுத்து வராமல், போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"சீக்கிரம் மாஸ்டர்! கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

"அவசரம்னா இப்படியே கிளம்புங்களேன்" என்றாள் ஊசியின் அத்தை, காஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னறையில் இருந்த ஊசிக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் மடியில் ஒரு கைப்பை இருந்தது. அத்தைக்குத் தெரியாமல், அத்தைக்காகத் தைத்தது.

அத்தை எங்கே போனாலும் மூக்குக்கண்ணாடியையும் மாத்திரைகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போவாள். ஊருக்கெல்லாம் விதவிதமாகத் தைத்துக் கொடுக்கும் வீட்டில் அத்தைக்கு ஒரு பை இல்லையே என்பது ஊசிக்குத் தாங்கவில்லை. கடைச் சுவரில் ஒரு பழங்காலக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பெண், பாதி நிலா போன்ற கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். அதேபோல ஒன்று தைத்துவிட வேண்டும் என்று ஊசி முடிவு செய்தாள்.

ஓட்டையான குடையின் துணி உள்பக்கத்துக்கு ஆயிற்று. அப்பாவின் அறுந்த பெல்ட் கைப்பிடி ஆயிற்று. தூக்கிப் போட வைத்திருந்த பர்ஸிலிருந்து, டப்பென்று மூடும் பித்தளை வாயைக் கழற்றிக்கொண்டாள். வெளிப்பக்கத்துக்குத்தான் நல்ல துணி வேண்டும். கடைக்குச் சொந்தமான துண்டுத் துணிகள் ஒரு மூட்டையில் கிடக்கும். அதைத் துழாவியபோது கிடைத்தது அந்தத் துணி. கெட்டியான வெள்ளைத் துணியில், புடைத்து நிற்கும் பெரிய பெரிய ஆரஞ்சு வட்டங்கள். காலண்டரிலிருந்தே இறங்கி வந்தது போல இருந்தது.

சுருட்டி, ஆரஞ்சு நூலால் கட்டியிருந்தது. நூல் அவள் கண்ணில் பட்டது. அதை அறுத்துப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள்.

கடைசித் தையலும் முடிந்து பை மடியில் இருந்தபோதுதான், வாசலில் தபால்கார அம்மாவின் சைக்கிள் மணி கேட்டது.

"அண்ணே, பாப்பா கவுன் தயாரா?"

"அப்பவே தயார்மா." மாஸ்டர் கவுனை எடுத்து விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் ஆரஞ்சு வட்டங்கள்.

கதவிடுக்கில் பார்த்த ஊசி, குனிந்து மடியிலிருந்த பையைப் பார்த்தாள். அதே வட்டங்கள்.

இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்தது போக ஒரு கைக்குட்டை அளவு மிஞ்சினாலும், அது கொடுத்தவருக்குச் சொந்தம். அதைச் சுருட்டி, தைத்த நூலாலேயே கட்டி, அலமாரியில் தனியாக வைத்து, உடுப்போடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். மாஸ்டரின் அப்பா காலத்திலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை. ஊசிக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

மூட்டையை இழுத்தபோது பக்கத்து அலமாரியில் இருந்த சுருள் அதற்குள் உருண்டு விழுந்திருக்க வேண்டும். ஆனால் நூல்? நூலைத்தான் பார்த்தாளே!

மாஸ்டர் அலமாரியில் கை வைத்தார். மேல்தட்டைப் பார்த்தார். கீழ்த்தட்டைப் பார்த்தார்.

"இங்கதான் வச்சேன்... அக்கா, நீ எடுத்தியா?"

"நான் எதுக்குடா எடுக்கப் போறேன்?"

"மெதுவாத் தேடுங்க அண்ணே. அது மட்டும் கண்டிப்பா வேணும்" என்றாள் தபால்கார அம்மா. "எங்கம்மா ரூம்ல தொங்கின திரை அது. அம்மா போனப்புறம் அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. கண்ணும் தெரியல. அந்த வட்டத்தை விரலால சுத்திச் சுத்தித் தடவிட்டே இருப்பாரு, அப்படியே தூங்கிடுவாரு. பாப்பாவுக்குக் கவுன் தைக்கச் சொன்னதும் அவர்தான். மிச்சத்துல எனக்கொரு தலையணை உறை போதும்னாரு."

மறைப்புத் திரைக்கு மேலே தெரிந்த தலை பேசியது. "தையல் கடைன்னா மிச்சத் துணிக்குக் கால் முளைக்கும்மா. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது. காது சிவந்தது. "இங்க நடக்காது" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, காலியான தட்டையே மறுபடியும் தடவிப் பார்த்தார்.

ஊசி நினைத்தால் பையைக் கொண்டுபோய்க் குப்பையில் புதைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அப்பாவின் கை காலித் தட்டில் அலைவதை அவளால் பார்க்க முடியவில்லை.

அவள் வெளியே வந்து பையை மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான்ப்பா வெட்டிட்டேன். நூல் கட்டியிருந்துச்சு. பார்த்தேன். ஆனா யோசிக்கல. அத்தைக்காகத் தைச்சேன்."

மருந்துக்கடைக்காரர், "பேன்ட்டைக் கொடுங்க மாஸ்டர், தச்ச வரைக்கும் போதும்" என்று கை நீட்டி வாங்கி மாட்டிக்கொண்டு, ஜிப்பைப் பாதி இழுத்தபடியே ஓடினார்.

தபால்கார அம்மா பையைத் திருப்பிப் பார்த்தாள். வட்டங்கள் எல்லாம் பாதியாய், கால்வாசியாய்க் கிடந்தன.

"நல்லாத்தான் தைச்சிருக்கே கண்ணு. வெட்டினதை இனிமே என்ன பண்ண முடியும்? நீயே வச்சுக்கோ" என்றாள். கோபப்படவில்லை. கவுனை மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடியே போனாள். ஏறி மிதிக்கக்கூட இல்லை.

"நான் இதைத் தொடமாட்டேன்" என்றாள் அத்தை.

ஊசி அப்பாவைப் பார்த்தாள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"வேற துணியா இருந்தா எங்கயாவது தேடி வாங்கிக் கொடுத்துடுவேன்" என்றார். "இதுக்கு நான் எங்க போவேன்?"

விளக்கை அணைத்துக் கடையைச் சாத்தினார். சாத்தும் நேரம் இன்னும் ஆகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எதுவும் ஊசியின் காதில் விழவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். பின்னறையில் உட்கார்ந்து பையை வெறித்தாள். அழுது அழுது கண் வீங்கி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வட்டத்தைத் தடவினாள். விரல் பாதி சுற்றுப் போனது. தையல் வந்தது. அதற்கு மேல் போக வழியில்லை.

இப்படித்தான் அந்தத் தாத்தாவுக்கும் இருக்கும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு பிளேடை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?" மாஸ்டர் வாசலில் நின்றார்.

"பிரிக்கப் போறேன்."

"பிரிச்சு?"

"வட்டத்தோட மிச்சம் எங்க இருக்குன்னு தேடப் போறேன்."

மாஸ்டர் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இழுக்காதே. ஒவ்வொரு தையலா அறு. துணி ரொம்பப் பழசு" என்றார்.

பித்தளை வாய் கழன்றது. பெல்ட் கழன்றது. குடைத்துணி கழன்றது. வெட்டிப் போட்ட துண்டுகளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கினாள். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றித் தைத்தால் வட்டம் நசுங்கி முட்டையாகிவிடும். அதனால் ஓரத்தோடு ஓரத்தை முட்டவைத்து, அடியில் குடைத்துணியைக் கொடுத்து, கையாலேயே தைத்தாள். ஒவ்வொரு வட்டம் முடிந்ததும் கண்ணை மூடி விரலால் சுற்றிப் பார்ப்பாள். விரல் தடுக்கினால் மறுபடியும் பிரிப்பாள்.

ஒரே ஒரு வட்டம் மட்டும் மூடவே இல்லை. அதன் துண்டைக் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. அந்த இடைவெளியில் அடியிலிருந்த குடைத்துணி மட்டும் தெரிந்தது.

தலையணை உறை தயாரானதும் அவளே எடுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் கூட வந்து, வாசலோடு நின்றுகொண்டார். தபால்கார அம்மா உறையை வாங்கித் தலையணையில் மாட்டி, தாத்தாவின் பக்கத்தில் வைத்தாள்.

தாத்தாவின் விரல் மெல்ல நகர்ந்தது. ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு அந்த வட்டம். விரல் நின்றது.

"இங்க என்னமோ ஆயிருக்கே?"

தபால்கார அம்மா வாய் திறக்குமுன் ஊசி சொல்லிவிட்டாள். "நான் தெரியாம வெட்டிட்டேன் தாத்தா. ஒட்டித் தைச்சிருக்கேன். அந்தத் துண்டு மட்டும் கிடைக்கல."

விரல் இடைவெளியின் ஓரத்தைத் தடவியது. தையலை ஒவ்வொன்றாகத் தொட்டது.

"சின்னக் கை" என்றார் தாத்தா. "ரொம்ப நெருக்கமாத் தைச்சிருக்கே." விரல் இடைவெளியைத் தாண்டி, அந்தப் பக்கம் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றத் தொடங்கியது.

திரும்பி வரும்போது தெருமுனையில் மாஸ்டர், "பசிக்குதா?" என்று கேட்டார். பசித்தது.

மருந்துக்கடைக்காரர் பாதி ஜிப்போடு ஓடிய வேகத்தில் பாதிக் கதையையும் கொண்டுபோயிருந்தார். வாடிக்கையாளர் துணியைத் திருடி மாஸ்டர் தன் அக்காவுக்குக் கைப்பை தைத்துக் கொடுத்தார், அந்த அம்மா இன்னும் அதை மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அது பொய். அத்தை இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் கைப்பை, கடையில் தையல் மெஷினை மூடிவைத்த பழைய ரெக்சின் உறையை வெட்டி ஊசி தைத்தது. அடிப்பக்கத்தில் மெஷின் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. சந்தேகப்படுபவர்கள் கடைக்கு வந்து பார்க்கலாம், மாற்றுத்துணியோடு வரவும்.