பதில் தட்டு

சூரியன் மறைந்த பிறகும் முள் கீழே இறங்கவில்லை.

அது 1968ஆம் ஆண்டுக் கோடை. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு அப்பால், அரைத்த கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டின் உச்சியில் இருந்த தகரக் கொட்டகையில் தம்மபாலன் தனியாக உட்கார்ந்திருந்தார். சூரியனைச் சுற்றி எரியும் ஒளிவளையம் முழுக் கிரகணத்தில் தவிர நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கூரையைத் துளைத்து நின்ற ஏரியல் அதன் இரைச்சலைப் பிடித்துக் கொடுக்கும், முள் அதைக் காகிதத்தில் வரையும். சூரியன் இறங்கினால் இரைச்சல் அடங்கி முள்ளும் படுத்துவிடும். அதற்குப் பிறகு பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"இன்னா மேன், முள்ளு தூங்குற வரைக்கும் தாலாட்டுப் பாடு. எனக்குப் பங்காருபேட்டை வண்டிக்கு டைம் ஆச்சு" என்று கிண்டலடித்துவிட்டு மெக்கானிக் ஹரோல்ட் அப்போதே சைக்கிளில் போய்விட்டிருந்தார்.

தம்மபாலன் ஹெட்போனைக் காதில் வைத்தார். கொதிக்கும் எண்ணெயில் மழை விழுவது போன்ற பழகிய இரைச்சல். வெயிலில் காய்ந்த தகரத்தின் வாசனை. கீழே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து மெல்ல ஏறிவரும் அடுப்புப் புகை. இரைச்சலுக்கு உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ தட்டினார்கள்.

டொக். டொக். சற்று நின்று, டொக்.

சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் சரிந்து அடைபட்டுக் கிடந்தபோது, காற்றுக்குழாயில் அவரும் கல்லால் இப்படித்தான் தட்டினார். மறுபக்கத்திலிருந்து கூட்டாளி முனியப்பன் பதிலுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார். இருட்டில் அந்தச் சத்தம்தான் தம்மபாலனைச் சாகவிடாமல் வைத்திருந்தது. தட்டு கேட்டால் பதில் தட்ட வேண்டும். ஆள் வெளியே வரும்வரை நிறுத்தக் கூடாது. சுரங்கத்தில் இறங்கிய எவரும் அதை மீறியதில்லை.

வீட்டில் மனைவி யசோதா சோறு வடித்துவிட்டுக் காத்திருப்பாள். கதவு திறந்துதான் இருந்தது. போய்விடலாம். ஆனால் ஒருவன் தனியாக அடைபட்டுக் கிடக்கும்போது எப்படிப் போவது?

"பயப்படாதப்பா. நான் கீறேன்" என்று சொல்லி, ஸ்பேனரால் ஏரியலின் இரும்புத் தூணில் தட்டினார்.

இரைச்சல் சட்டென்று நின்றது.

பிறகு பதில் வந்தது. பலமாக. ஹெட்போனைக் கழற்றினார். அப்போதும் கேட்டது. தூண் அதிர்ந்தது. முள் காகிதத்தைக் கிழித்தது.

"புத்தம் சரணம்" என்று முணுமுணுத்தபடி மறுபடி தட்டினார். பதில் இன்னும் அருகில். மறுபடி தட்டினார். இன்னும் அருகில். தகரம் சுட்டது. குளிர வேண்டிய நேரம்.

மேற்கே பார்த்தார்.

சூரியன் இறங்கிய அதே இடத்தில், கரியாய் ஒரு வட்டம் மேலேறி வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வெண்மயிர் போல ஒளி. காற்றே இல்லை. ஆனாலும் அந்த ஒளி அலைந்தது.

கையை நிறுத்தினார். வட்டமும் நின்றது. காத்திருந்தது.

டொக், என்றது. மெதுவாக. கெஞ்சுவது போல.

தம்மபாலன் அழுதுகொண்டே ஸ்பேனரை ஓங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும், அந்தக் கறுப்பின் நடுவே, உள்ளிருந்து ஏதோ முட்டி முட்டி வெளிப்பக்கம் வீங்கியது.