ஒரு பார்வைக்கு ஒரு ரூபாய்

மெர்சி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் ஆல்வின் மறுபடியும் லேப்டாப் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

போத்தனூரில் மெர்சி படிக்கும் பள்ளியின் வாசலில் ஒரு போன் மாட்டியிருந்தது. எதிரே போய் நின்றால் நம் முகம் அதில் தெரியும். உடனே பெயர் சொல்லி வணங்கி, வருகையைப் பதிந்துகொள்ளும். அந்த ஆப்பை ஆல்வின் தனியாளாகச் செய்திருந்தான். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் மட்டும் ஒரு கம்பெனியுடையது.

"எவ்வளவு ஆச்சுங்கண்ணா?"

"பத்தாம் தேதிதான் ஆகுது அம்மணி. அதுக்குள்ள பாதி தீந்துபோச்சு."

போன் ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் ஒரு பார்வை. கம்பெனி மாதம் நாலாயிரம் பார்வை இலவசமாகத் தரும். அதற்குமேல் ஒரு பார்வைக்கு ஒரு ரூபாய்.

"இத முன்னாடியே அவங்க சொல்லலீங்களா?"

"பளிச்சுனு எழுதி வெச்சிருக்காங்க. அதனாலதான் என்னயாட்டத் தனியாளு தைரியமா வாங்கறது. நூறு பசங்களுக்கு நூறு பார்வைன்னு கணக்குப் போட்டேன். தெனமும் எரநூறத் தாண்டுது. வெல தெரியுது, ஏன் ஏறுதுன்னுதான் தெரியல."

செலவு ஏறினால் தலைமையாசிரியை கீதா போனைக் கழற்றச் சொல்லிவிடுவார். பிறகு அண்ணன் பெங்களூருக்கு வேலை தேடிப் போய்விடுவான்.

மறுநாள் முதல் ஆளாகப் போய் வாசலில் நின்றாள்.

ஒன்றாம் வகுப்பு யஷ்வந்த் வந்தான். "வணக்கம் யஷ்வந்த்" என்றது போன். அவன் சுற்றிப்போய் மறுபடியும் வரிசையில் நின்றான். இந்தமுறை போன் முன்னால் வாயை ஆவென்று திறந்தான்.

"ஏன்டா, ஒருக்கா பாத்தா பத்தாதா?"

"பல்லு ஆடுதுங்கக்கா. இருக்குதான்னு பாத்தேன்."

அவனுக்குப் பின்னால் மௌனிகா ரிப்பனைச் சரிசெய்தாள். அவளுக்கும் பின்னால் ஒருவன் திட்டுத்திட்டாக இருந்த பவுடரைத் துடைத்தான்.

மெர்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். பள்ளியில் ஒரு கண்ணாடிகூடக் கிடையாது! பாவம், பல்லை வேறு எதில் பார்ப்பான்? அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை, வீட்டிலிருந்த சிவப்புச் சட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து போனுக்கு முன்பாகவே மாட்டினாள். பார்ப்பார்களா? ஓரமாக நின்று காத்திருந்தாள்.

யஷ்வந்த் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தான். "தள்றா!" என்று மௌனிகா இடித்தாள். பார்த்து முடித்தவர்கள் போனிடம் ஒரே ஒரு வணக்கம் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கண்ணாடிக்கான வரிசைதான் தெருவரை நீண்டது.

மணி அடிக்கப்போகும் நேரத்தில் ஆல்வின் மூச்சிரைக்க ஓடிவந்தான். தலை பரட்டையாக நின்றது.

"மெர்சி! இன்னிக்கு நூறுகூட ஆகல! போன் கெட்டுப்போச்சா?"

மெர்சி சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் காட்டினாள்.

"அட, நம்மூட்டுக் கண்ணாடி! காலைல இதக் காணாமத்தான் தலகூடச் சீவல!"

ஆல்வின் குனிந்து, விரல்களால் முடியைக் கோதத் தொடங்கினான்.

யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், யஷ்வந்த்.

"ஏனுங்கண்ணா, வரிசைல வாங்க. அடுத்தது நானுங்க!"